பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி: அறிகுறியை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிப்பது

பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியை வீட்டிலேயே கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக் கட்டுகிறவர்களுக்கு ஒரு தனித் தலைவலி உண்டு. புதிதாக ஒரு சத்தமோ உதறலோ வந்தால், அது வண்டியின் வயதால் வந்ததா, போன வாரம் நாம் செய்த வேலையால் வந்ததா என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆக்சிலுக்கு இழுவையைக் கொண்டுபோகும் நீளத் தண்டு புரோப்பெல்லர் ஷாஃப்ட்; அதன் முனையில் கோணத்திலும் சுற்றவிடும் இணைப்பு கிராஸ் ஜாயிண்ட். பல வருடங்களாக நல்லபடியாக ஓடிய கிராஸ் ஜாயிண்ட், சஸ்பென்ஷனை மாற்றி வண்டியை இரண்டு அங்குலம் தூக்கிய (லிஃப்ட்) சில மாதங்களில் போய்விடும். அதில் ஜாயிண்டின் தேய்மானமும் இருக்கும், கோணத்தின் தவறும் இருக்கும். ஜாயிண்டை மட்டும் மாற்றினால் திரும்பவும் போகும்.

அதனால் எந்த அறிகுறி வந்தாலும் இரண்டு கேள்விகளில்தான் தொடங்குகிறேன். கடைசியாக எதில் கை வைத்தேன்? இந்தக் கோளாறு எப்போது தலைகாட்டுகிறது: குறிப்பிட்ட வேகத்திலா, இன்ஜின் சுற்று ஏறும்போதா, சூடான பிறகா, திருப்பத்திலா, பாரம் ஏற்றினாலா? முதல் கேள்விக்குப் பதில் சொல்ல வண்டியிலேயே ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். தேதி, ஓடிய கிலோமீட்டர், செய்த வேலை, அவ்வளவுதான். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். அப்புறம் 500 கிலோமீட்டராவது ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. லிஃப்ட், டயர், ஷாக் அப்சார்பர், ஸ்டியரிங் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றிய வண்டியில் பிழை தேடுவது இருட்டில் ஊசி தேடுவதுதான்.

அடியில் படுப்பதற்கு முன்

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் போகக் கூடாது. சமதளம், சக்கரத்துக்கு இரு பக்கமும் கட்டை, ஆக்சிலுக்கோ சேஸிஸுக்கோ அடியில் ஸ்டாண்ட். இதெல்லாம் தெரிந்ததுதான். தெரியாமல் பலர் மாட்டிக்கொள்வது வேறு ஓர் இடத்தில். சில பழைய வண்டிகளில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களில் இருக்காது. டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு (இழுவையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) பின்னால் புரோப்பெல்லர் ஷாஃப்டைப் பிடிக்கும். அப்படிப்பட்ட வண்டியில் ஒரு பின்சக்கரத்தைத் தூக்கினால், தரையில் இருக்கும் மற்ற சக்கரம் டிஃபரன்ஷியல் (இரு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் கியர் தொகுதி) வழியாகச் சுதந்திரமாகிவிடும். ஹேண்ட் பிரேக் இழுத்திருந்தாலும் வண்டி உருளும். உங்கள் வண்டியின் ஹேண்ட் பிரேக் எங்கே பிடிக்கிறது என்று முதலில் பாருங்கள். எங்கே பிடித்தாலும் கட்டை போடாமல் தூக்காதீர்கள்.

ஒரு பள்ளத்தில் ஏறி இறங்கியதும் ஸ்டியரிங் பயங்கரமாக உதறுகிறது

பெரும்பாலும் 60 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும். முன்சக்கரங்கள் இரண்டும் இடம் வலம் என்று அடித்துக்கொள்ளும், ஸ்டியரிங்கைப் பிடிக்கவே முடியாது, வேகம் நன்றாகக் குறைந்தால்தான் நிற்கும். முன்னால் ஒரே கட்டையான ஆக்சில் உள்ள வண்டிகளுக்கே உரிய கோளாறு இது. ஆளை நடுங்க வைக்கும், ஆபத்தானதும்கூட. சரிசெய்யும்வரை வண்டியை நெடுஞ்சாலைக்கு எடுத்துப் போகாதீர்கள்.

வந்த உடனே எல்லோரும் செய்வது புது ஸ்டியரிங் டேம்பர் (ஸ்டியரிங் உதறலை அடக்கும் ஷாக் அப்சார்பர்) வாங்கிப் போடுவது. உதறல் அடங்கும், கோளாறு அப்படியே இருக்கும். சில ஆயிரம் கிலோமீட்டரில் டேம்பர் தளர்ந்ததும், அதற்குள் இன்னும் ஆட்டம் கண்டுவிட்ட ஜாயிண்டுகளோடு திரும்ப வரும். டேம்பரைக் கழற்றிவிட்டு ஓட்டினாலும் உதறாத வண்டிதான் சரியான வண்டி என்பது என் கணக்கு.

சோதிக்க இன்னொருவர் தேவை. நான்கு சக்கரமும் தரையில் இருக்கட்டும். பவர் ஸ்டியரிங் என்றால் இன்ஜின் ஓட வேண்டும். வண்டி நியூட்ரலில், ஹேண்ட் பிரேக்கிலும் கட்டையிலும் நிற்க வேண்டும். அவர் ஸ்டியரிங்கைக் கால் சுற்று இடமும் வலமுமாக வேகமாக ஆட்டிக்கொண்டே இருக்க, நீங்கள் முன்பக்கமிருந்து குனிந்து ஒவ்வொரு இணைப்பாகப் பாருங்கள். பார்ப்பதோடு விடாமல் இணைப்பின்மேல் விரலை வையுங்கள். சக்கரங்களைத் திருப்பும் கம்பியின் முனையான டை ராட் எண்டில் கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்கு ‘டிக்’ என்று தெரியும். விரல் எதற்கிடையிலும் நசுங்காத இடமாகப் பார்த்து வையுங்கள்.

காயில் ஸ்பிரிங் வண்டியில் முதல் சந்தேகம் பேன்ஹார்ட் ராட். ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடித்துவைக்கும் ஒற்றைக் கம்பி அது. ஒரு முறை என் வண்டியில் அதன் இரு முனையிலும் உள்ள ரப்பர் புஷ் இரண்டையும் மாற்றினேன், உதறல் போகவில்லை. போல்டைக் கழற்றி, பிராக்கெட்டின் துளையை டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. வட்டமாக இருக்க வேண்டிய துளை முட்டை வடிவமாகியிருந்தது. போல்டின் நடுப்பகுதியில் தேய்ந்து பளபளவென்று ஒரு பள்ளம். எவ்வளவு இறுக்கினாலும் அந்த ஓட்டைக்குள் போல்ட் ஆடத்தான் செய்யும். துளையைச் சுற்றித் தடித்த வாஷரை வெல்டு வைத்து, சரியான அளவுப் போல்ட் போட்டதோடு அது தீர்ந்தது. அந்த புஷ் போல்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதுதான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். ஆக்சில் தொங்கும்போது இறுக்கினால் புஷ் முறுக்கிய நிலையிலேயே பிடித்துக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

அடுத்தது கிங் பின் பேரிங், அல்லது பால் ஜாயிண்ட். சக்கரம் இடம் வலம் திரும்புவது இவற்றின் மேல்தான். சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி இன்னொரு முறை ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் போனால் வீல் பேரிங். போகாவிட்டால் கிங் பின். கிங் பின் பேரிங் உள்ள வண்டிகளில் நக்கிள் (சக்கரத்தைத் தாங்கிக்கொண்டு திரும்பும் பகுதி) கொஞ்சம் இறுக்கமாகத் திரும்ப வேண்டும். டை ராடைக் கழற்றிவிட்டு ஸ்பிரிங் தராசால் நக்கிள் ஆர்மை இழுத்து, எவ்வளவு விசையில் நகர்கிறது என்று பார்த்து, ஷிம் என்ற மெல்லிய தகடுகளைக் கூட்டிக் குறைத்து அமைப்பார்கள். அளவு வண்டியின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். கையால் தொட்டாலே லேசாகத் திரும்பினால் அங்கேயே உங்கள் விடை கிடைத்துவிட்டது.

இதெல்லாம் சரி என்றால் டயர் பாலன்ஸ், சக்கரத்தின் நெளிவு. பெரும்பாலும் இவை உதறலைத் தூண்டிவிடும் காரணம்தான். வளரவிடுவது எங்கோ உள்ள ஆட்டம்.

நேர் சாலையில் வண்டி அலைகிறது, திருப்பிய ஸ்டியரிங் தானாகத் திரும்பி வருவதில்லை

தூக்கிய பிறகு இது தொடங்கியிருந்தால் காஸ்டர் கோணம் குறைந்திருக்கிறது. கிங் பின் மேல்பகுதி சற்றே பின்பக்கம் சாய்ந்திருப்பதால்தான் சக்கரம் தானாக நேருக்கு வருகிறது. பழைய வண்டிகள் சிலவற்றில் அந்தச் சாய்வே 3 டிகிரிதான். ரேடியஸ் ஆர்ம் (ஆக்சிலைச் சேஸிஸோடு நீளவாக்கில் பிடிக்கும் கை) உள்ள வண்டியைத் தூக்கினால் ஆக்சில் முன்பக்கமாக உருண்டு சாய்வு குறையும். பட்டை ஸ்பிரிங்கில் (லீஃப் ஸ்பிரிங்) ஷாக்கிள், அதாவது பட்டையின் ஒரு முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஆடும் இணைப்பு, முன்முனையில் இருந்து, அதை நீளமானதாக மாற்றினாலும் இதே கதைதான். 3 டிகிரியில் 2 போய்விட்டால் மிச்சம் என்ன இருக்கும்?

பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் ஆப்பு வடிவ ஷிம் வைத்தோ, துளை தள்ளிப்போட்ட புஷ் மாற்றியோ கோணத்தைத் திரும்பக் கொண்டுவரலாம். ஆனால் ஆக்சிலைப் பின்னால் சாய்த்தால் டிஃபரன்ஷியலில் ஷாஃப்ட் வந்து சேரும் பினியன் மூக்கு கீழே இறங்கும். முன் புரோப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் மோசமாகும். ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று இடறுகிற இடம் இது. அதனால்தான் நான் இரண்டு அங்குலத்துக்கு மேல் தூக்க யாரையும் தூண்டுவதில்லை.

தூக்கிய பிறகு வண்டியின் அடித்தளத்திலிருந்து ஓர் அதிர்வு

முதலில் வேகத்தோடு வருகிறதா, இன்ஜின் சுற்றோடு வருகிறதா என்று பிரியுங்கள். அதிர்கிற வேகத்தில் கியரை மாற்றிப் பாருங்கள். கியர் மாறியும் அதே வேகத்தில் அதிர்வு இருந்தால் ஷாஃப்ட், டயர், ஆக்சில் பக்கம். இன்ஜின் சுற்றோடு சேர்ந்து அதிர்வும் இடம் மாறினால் இன்ஜின் மவுண்ட், கிளட்ச், ஃபேன் பக்கம்.

ஷாஃப்ட் பக்கம் என்று முடிவானால், கழற்றி மாட்டிய ஷாஃப்டா என்று நினைவுபடுத்துங்கள். ஷாஃப்டின் நடுவில் நீள்கிற ஸ்ப்ளைன் பகுதியைப் பிரித்துச் சேர்க்கும்போது இரண்டு முனையின் கவைகளும் ஒரே நேரில் அமைய வேண்டும். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் அதிரும். பல ஷாஃப்டுகளில் இதற்காக அம்புக்குறி இருக்கும், ஆனால் பழைய வண்டியில் அது சேற்றுக்கும் துருவுக்கும் அடியில் மறைந்திருக்கும். கழற்றுவதற்கு முன்பே வெள்ளை பெயிண்டால் ஷாஃப்டிலும், அது போல்டால் சேரும் ஃப்ளாஞ்சிலும் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். ஒரு நிமிட வேலை, ஒரு நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

அப்புறம் கோணம். இரு முனையிலும் ஒவ்வொரு கிராஸ் உள்ள சாதாரண ஷாஃப்டில், டிரான்ஸ்ஃபர் கேஸின் ஃப்ளாஞ்சும் பினியன் ஃப்ளாஞ்சும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். ஒரு கிராஸ் தரும் வேக ஏற்ற இறக்கத்தை மறு முனையின் கிராஸ் சமன்செய்வது அப்படித்தான். கைபேசியில் உள்ள மட்டப்பலகைச் செயலியை ஃப்ளாஞ்சின்மேல் வைத்தே அளக்கலாம். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு டிகிரிக்குள் இருந்தால் நல்லது. ஒரு முனையில் இரட்டைக் கிராஸ் உள்ள ஷாஃப்டுக்குக் கணக்கு வேறு. அதில் பினியன் நேராக ஷாஃப்டை நோக்கிப் பார்க்க வேண்டும், ஒன்றிரண்டு டிகிரி கீழே இருக்கலாம். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் அந்தச் சிறு இடைவெளி தேவைப்படுகிறது, ஏனென்றால் பட்டை முறுக்கிக்கொண்டு பினியன் மூக்கை மேலே தூக்கும்.

கிராஸ் போயிருக்கிறதா என்று பார்க்க, ஷாஃப்டைக் கையால் முறுக்கி ஆட்டுங்கள். கப் ஓரத்தில் செங்கல் பொடி போல ஒரு சிவப்புத் தூள் ஒட்டியிருந்தால், உள்ளே ஊசி பேரிங் காய்ந்து துருவாகி அரைபடுகிறது என்று அர்த்தம். கிரீஸ் அடித்து அதைக் காப்பாற்ற முடியாது.

முன்னே போவதும் ரிவர்ஸுமாக மாற்றும்போது ‘டங்’

கிராஸ், ஸ்லிப் ஸ்ப்ளைன், டிஃபரன்ஷியல் ஆட்டம் என்று வரிசையாகப் பார்க்க வேண்டியதுதான். பட்டை ஸ்பிரிங் வண்டியில், பட்டையை ஆக்சிலோடு கட்டிப்பிடிக்கும் யூ போல்டையும் மறக்காதீர்கள். மாற்றியபின் 100 கிலோமீட்டரில் ஒரு முறையும், 500 கிலோமீட்டரில் ஒரு முறையும் திரும்ப இறுக்க வேண்டும். பழைய யூ போல்டைக் கழற்றினால் அதையே மாட்டாதீர்கள்; நீண்டுபோன புரி திரும்பவும் சரியாகப் பிடிக்காது. பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் முறிந்திருந்தால் ஆக்சில் பட்டையின்மேல் நகர்ந்து, வண்டி ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு ஓடும்.

ஃபோர் வீல் விழவில்லை, அல்லது விழுந்தது வெளியே வரவில்லை

வெளியே வரவில்லை என்றால் முதலில் லீவரோடு மல்லுக்கட்டாதீர்கள். பார்ட் டைம் ஃபோர் வீல் வண்டியில் முன், பின் ஆக்சில்களுக்கு நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. கெட்டியான சாலையில் திரும்பினால் முன்சக்கரங்கள் அதிக தூரம் ஓட வேண்டும், ஆனால் ஷாஃப்டுகள் பூட்டப்பட்டிருப்பதால் முடியாது. அந்த முறுக்கு கியர்களுக்குள் சேர்ந்து லீவரைப் பிடித்துக்கொள்ளும். ஸ்டியரிங்கை நேராக்கி, சில மீட்டர் ரிவர்ஸ் எடுங்கள். முறுக்கு அவிழ்ந்ததும் லீவர் தானாக நழுவும்.

லீவர் விழுந்தும் முன்சக்கரம் இழுக்கவில்லை என்றால், சக்கரத்தை ஆக்சில் ஷாஃப்டோடு இணைத்துப் பூட்டும் ஹப்பைப் பாருங்கள். டூ வீலில் வைத்து, இரண்டு ஹப்பையும் லாக் செய்து, ஒரு முன்சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றுங்கள். முன் புரோப்பெல்லர் ஷாஃப்ட் கூடவே சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் ஒரு ஹப் பிடிக்கவில்லை. பெரும்பாலும் உள்ளே பழைய கிரீஸ் மெழுகாக இறுகிப்போயிருக்கும். கழற்றிக் கழுவி, மெல்லிசாகப் புது கிரீஸ் தடவினால் சரியாகும். நிறையத் திணித்தால் அதுவே குளிரில் ஹப்பை நகரவிடாது.

கியர் ஆயில் பால் போல வெளுத்திருக்கிறது

ஆக்சிலுக்குள் தண்ணீர் போயிருக்கிறது. சீல் கெட்டுவிட்டது என்று எல்லோரும் சீலை மாற்றுவார்கள். பாதி நேரம் குற்றவாளி ஆக்சிலின் மேலே உள்ள ஒரு சிறிய மூச்சுக்குழல். ஓடிச் சூடான ஆக்சில் ஆற்றுத் தண்ணீரில் இறங்கினதும் உள்ளே உள்ள காற்று சட்டென்று சுருங்கும். மூச்சுக்குழல் சேற்றால் அடைத்திருந்தால், ஆக்சில் சீல் ஓரமாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அடைக்காமல் இருந்தாலும் தண்ணீருக்கு அடியில் இருந்தால் அதன் வழியாகவே உறிஞ்சும். ஒரு ரப்பர் குழாயைப் பொருத்தி இன்ஜின் அறையின் உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டிவிடுங்கள். பழைய வண்டியில் செய்யக்கூடிய எல்லா மாற்றங்களிலும் இதற்குத்தான் என் முதல் இடம். விஞ்ச், பம்பர் எல்லாம் அப்புறம்.

ஆயில் மாற்றும்போது முதலில் நிரப்பும் பிளக்கைத் திறந்து பாருங்கள், பிறகுதான் வடிக்கும் பிளக். வடித்துவிட்டு, நிரப்பும் பிளக் துருப்பிடித்துத் திறக்க மறுத்தால் வண்டி அங்கேயே நிற்கும். சில வண்டிகளில் கியர் பாக்ஸில் ஆயில் குறைந்து டிரான்ஸ்ஃபர் கேஸில் அதே அளவு கூடியிருக்கும். வெளியே ஒரு சொட்டுக் கசிவு இருக்காது. நடுவில் உள்ள சீல் போனதன் அடையாளம் அது.

தூக்கிய பிறகு பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை

பிரேக் விஷயத்தில் நான் எதையும் தள்ளிப்போடுவதில்லை. முதலில் ஹோஸ். சக்கரம் முழுதாகத் தொங்கும் நிலையில், ஸ்டியரிங்கை ஒரு கோடிவரை திருப்பி, முன் ஹோஸில் இழுவை இருக்கிறதா பாருங்கள். மறு பக்கமும் அதேபோல. பின் ஆக்சில் ஹோஸையும் விடாதீர்கள். இழுத்துக்கொண்டு நின்றால் நீளமான ஹோஸ் போட்டே ஆக வேண்டும்.

இரண்டாவது பலர் கவனிக்காதது. பல வண்டிகளில் சேஸிஸில் ஒரு வால்வும், அதிலிருந்து பின் ஆக்சிலுக்கு ஒரு கம்பியும் இருக்கும். பாரம் ஏறி வண்டி தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும்; காலியாக உயர்ந்து நின்றால் குறைக்கும். நீங்கள் வண்டியைத் தூக்கியதும் அந்த வால்வு வண்டி எப்போதும் காலியாக இருப்பதாகவே எண்ணிக்கொள்ளும். பின் பிரேக் சோம்பிப்போகும், முன் பிரேக் பேட் சீக்கிரம் தேயும். தூக்கிய உயரத்துக்கு ஏற்ப அந்தக் கம்பியின் பிராக்கெட்டை மாற்றி அமைக்க வேண்டும்.

மிதி பஞ்சு போல இருந்தால் ஏர் எடுங்கள், ஆயிலையும் மாற்றுங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியபின் 155 வரை இறங்கலாம். நீண்ட இறக்கத்தில் ஆயில் கொதித்து மிதி தரைக்குப் போவது இதனால்தான்.

சூடேறுகிறது

மெதுவாகப் போகும்போது சூடேறி, வேகம் எடுத்தால் இறங்கினால் காற்று ஓட்டம் போதவில்லை: ஃபேன், ஃபேனைச் சுழலவைக்கும் விஸ்கஸ் கப்ளிங், ஃபேனைச் சுற்றியுள்ள ஷ்ரவுட் கூடு. சூடான இன்ஜினை நிறுத்திவிட்டு ஃபேனைக் கையால் சுண்டுங்கள். தடையே இல்லாமல் பல சுற்று சுற்றினால் கப்ளிங் போய்விட்டது. வேகத்தில் மட்டும் சூடேறினால் ரேடியேட்டரின் உள்ளே அடைப்பு, அல்லது நீங்கள் புதிதாக மாட்டிய விஞ்சும் விளக்குகளும் முன்னால் நின்று காற்றை மறைக்கின்றன. ஏசி கண்டென்ஸருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் காய்ந்த சேறு வெளியிலிருந்து தெரியாது. இன்ஜின் பக்கமிருந்து முன்பக்கமாக, மெதுவான தண்ணீரில் கழுவுங்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது தீர்வல்ல. சில இன்ஜின்களில் அதுதான் பைபாஸ் வழியையும் மூடுகிறது. அது இல்லாவிட்டால் சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் சுற்றி, இன்னும் சூடேறலாம். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள்.

செல்ஃப் ‘டக் டக்’ என்கிறது, விளக்கு மங்குகிறது

பேட்டரியை மாற்றுவதற்கு முன் மீட்டரை எடுங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் என்றால் நிறைந்த பேட்டரி. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே போனால் பேட்டரியில் சந்தேகம். அப்படி இறங்காமலும் செல்ஃப் சோம்பினால் எர்த். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் இன்னொன்றை இன்ஜின் உடம்பிலும் வைத்துச் செல்ஃப் அடியுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் பட்டையின் இரு முனையையும் கழற்றி, பெயிண்டும் துருவும் போக உலோகம் மினுங்கும்வரை தேயுங்கள். பழைய வண்டியில் மின்கோளாறு என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இந்த வேலையிலேயே போய்விடும்.

புது விளக்கு போட்டபின் வந்த கோளாறு என்றால், அதைப் பழைய சுவிட்ச் வழியாக நேரே இழுத்தீர்களா என்று பாருங்கள். 100 வாட் விளக்கு ஒன்றுக்கே 8 ஆம்பியருக்கு மேல் ஓடும். ரிலே வேண்டும், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வேண்டும்.

பெரிய டயர் போட்டபின் இழுவை இல்லை

இது கோளாறே அல்ல, கணக்கு. 29 அங்குல டயருக்குப் பதில் 33 அங்குலம் போட்டால், 4.10 ஆக்சில் ரேஷியோ (சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் சுற்றும் சுற்றுகள்) 3.60 போல நடந்துகொள்ளும். மீட்டர் 80 காட்டும்போது உண்மையில் 91-ல் போகிறீர்கள். ஆனாலும் சுற்று ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. டீசல் வண்டி கறுப்புப் புகை தள்ளினால் ஏர் ஃபில்டரை முதலில் பாருங்கள்.

கதவு திடீரென்று சரியாக மூடவில்லை

கீலை நிமிர்த்தாதீர்கள், அடியில் போய்ப் பாருங்கள். பாடி மவுண்ட் உட்கார்ந்திருக்கலாம், சேஸிஸ் விரிசல் விட்டிருக்கலாம். பெரிய டயர் போட்ட வண்டியில் ஸ்டியரிங் பாக்ஸ் பிடித்திருக்கும் இடத்தைச் சேறு போகக் கழுவி, துடைத்து, பக்கவாட்டிலிருந்து டார்ச் அடியுங்கள். பெயிண்டில் தலைமுடி போல ஒரு துருக்கோடு போல்ட் துளையிலிருந்து கிளம்பினால் அது கீறல் அல்ல, விரிசல். அதன் முடிவில் சிறு துளை போட்டால்தான் வெல்டு வைத்தபின் மேலே ஓடாது. அதன்மேல் ஒரு தடித்த தகடும் வைக்க வேண்டும். வெல்டிங்குக்கு முன் பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் கழற்றி, வெல்டிங் எர்த்தை விரிசலுக்குப் பக்கத்திலேயே பிடியுங்கள். தூரத்தில் பிடித்தால் மின்சாரம் வீல் பேரிங் வழியாகப் போகலாம்.